அன்று உங்களை ஆடச் சொன்னது யார், கிளார்க் ஐயா?

அன்புள்ள டக்ளஸ் கிளார்க் ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் காலமாகி எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ரக்பி லீக் வீரரான உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், 1914 ஜூலை 4 அன்று சிட்னியில் நீங்கள் ஆடிய டெஸ்டை ஒரே ராகத்தில் பாடிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சல். கட்டைவிரல் உடைந்தும் ஆடினார், காறை எலும்பு முறிந்தும் திரும்ப உள்ளே போனார், என்ன நெஞ்சுரம்! நெஞ்சுரத்தை நானும் மறுக்கவில்லை. உங்களை அந்த மைதானத்தில் இறக்கியவர்களைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

கதை தெரியாத நம்மவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் வட இங்கிலாந்து கிளப்புகள் ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, ரக்பி ஆட்டத்தை அதுவரை நடத்திவந்த ரக்பி யூனியனை விட்டு வெளியேறின. தகராறு கூலியைப் பற்றியது. ஆட்டத்துக்காக சுரங்கத்திலும் ஆலையிலும் வேலையை விட்டு வருகிறவனுக்கு, இழந்த நேரத்தின் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றார்கள் வடக்கே. விளையாட்டில் காசு கூடாது என்றார்கள், காசுக்குக் குறையில்லாத மற்றவர்கள். பிரிந்தவர்கள் நார்தர்ன் யூனியன் ஆனார்கள். 1906-ல் அணிக்கு 13 பேர் என்று மாற்றிக்கொண்டார்கள். ரக்பி லீக் அப்படி வந்ததுதான்.

நீங்கள் கம்பர்லாந்தில், மேரிபோர்ட் பக்கம் எல்லன்பரோவில் பிறந்து, சிறு வயதிலேயே அப்பாவின் நிலக்கரி வியாபாரத்தில் மூட்டை சுமந்தவர். 1909-ல் ஹட்டர்ஸ்ஃபீல்ட் கிளப் உங்களை எடுத்துக்கொண்டது, ஃபார்வர்டாக. கால்பந்தில் ஃபார்வர்ட் கோல் போடுகிறவர். இங்கே அவர் ஸ்கிரம்மில், அதாவது இரு அணி ஃபார்வர்டுகளும் கோர்த்துக்கொண்டு மோதும் இடத்தில், முட்டித் தள்ளிப் பந்தைப் பறித்துப் பின்னால் அனுப்புகிறவர். உங்கள் அணியின் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் 1913-14 பருவத்தில் போட்ட 80 ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது) இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. அந்த ஓட்டத்துக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தியே இல்லை! அடுத்த பருவத்தில் உங்கள் அணி நான்கு கோப்பைகளையும் அள்ளியது. புகழ் பெரும்பாலும் கேப்டன் ஹாரல்ட் வாக்ஸ்டாஃபுக்கும் ரோசன்ஃபெல்டுக்கும் போனது.

இப்போது சிட்னிக்கு வருகிறேன். 1914-ல் பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியா போயிருந்தீர்கள். ஜூன் 27-ல் முதல் டெஸ்ட், வென்றீர்கள். ஒருநாள் விட்டு 29-ல் இரண்டாவது, தோற்றீர்கள். மூன்றாவது ஆகஸ்டில் மெல்போர்னில் நடப்பதாகத்தான் ஏற்பாடு. ஆஸ்திரேலிய நிர்வாகிகள் அதை ஜூலை 4-க்கு, சிட்னிக்கே இழுத்தார்கள். எட்டு நாளில் மூன்று டெஸ்ட்! பாதி அணி காயத்தில் கிடக்கிறது என்று உங்கள் தரப்பு மன்றாடியும், இங்கிலாந்திலிருந்த நார்தர்ன் யூனியன் தலைமை ஆடத்தான் வேண்டும் என்று தந்தி அடித்தது. இங்கிலாந்து உங்களிடம் கடமையை எதிர்பார்க்கிறது என்ற பாணியில். அந்த வசனம் கடற்படைத் தளபதி நெல்சனிடம் கடன் வாங்கியது. நெல்சனாவது தன் கப்பலில் நின்றுகொண்டு சொன்னார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விரல் போனது, கட்டிக்கொண்டு ஆடினீர்கள். காறை எலும்பு போனது. அதையும் கட்டிக்கொண்டு திரும்பி வந்தீர்கள், முடியவில்லை. கண்ணீரோடு வெளியேறினீர்கள். உங்கள் அணியின் ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் காயம், பில்லி ஹாலுக்குத் தலையில் அடி. மாற்று ஆள் இறக்க விதியில்லை. ஒரு கட்டத்தில் 13 பேருக்கு எதிராக 10 பேர். அப்படியும் 14-6 என்று ஜெயித்தீர்கள். 1879 ஜூலுப் போரில் ஒரு சிறு படை தாக்குப்பிடித்த இடத்தின் பெயரை வைத்து, 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்று அந்த ஆட்டத்துக்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள்.

கூலி பறிபோகக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய சங்கம் இது. எலும்பு பறிபோவதைப் பற்றி இருபதே வருடத்தில் அதற்குக் கவலை இல்லாமல் போனதே, அதைத்தான் நான் கேட்கிறேன். ஜெயித்ததால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தோற்றிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள்.

சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டன் போரில் இறங்கியது. நீங்கள் ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தீர்கள். இங்கே ஒரு வேடிக்கை: லீக்கில் காசு வாங்கியவன் ஆயுளுக்கும் தீண்டத்தகாதவன் என்று வைத்திருந்த ரக்பி யூனியன், ராணுவச் சீருடை போட்டதும் உங்களையும் வாக்ஸ்டாஃபையும் ரோசன்ஃபெல்டையும் சேர்த்துக்கொண்டது. குரோவ் பார்க் முகாம் அணியில் மூவரும் ஆடி எதிரிகளைத் துவைத்தெடுத்தீர்கள்.

1917-ல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்முனையில் லாரி ஓட்டினீர்கள். வீரத்துக்கு மிலிட்டரி மெடல். விஷவாயுவும் குண்டுச் சிதறலும் உடம்புக்குள். 95 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மீதி ஐந்து சதவீதத்தை வைத்துக்கொண்டு 1920-ல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குப் போய் டெஸ்ட் ஆடினீர்கள்! ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு மொத்தம் 485 ஆட்டங்கள், 1929 வரை. இடையிடையே உங்கள் ஊர் மல்யுத்தம் வேறு. நாற்பது தாண்டியும் கோதாவில் இறங்கினீர்கள்.

இந்தப் பிற்பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருவதில்லை, சந்தோஷம்தான். 1920-லும் மல்யுத்தக் கோதாவிலும், மருத்துவர் வேண்டாம் என்றிருந்தாலும் நீங்களாக விரும்பி இறங்கினீர்கள். சிட்னியில் அப்படி இல்லை. உங்களைப் புகழ்கிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரு ரசிகன்