அந்தக் கிண்ணம் கணக்கில் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பந்தியில், "1967க்குப் பிறகு ரொறன்ரோ ஒரு ஹொக்கிக் கிண்ணத்தையும் கண்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் ஸ்ரான்லி கிண்ணத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அந்தச் சோகம் ஊரறிந்தது. ஆனால் ஒரு கிண்ணத்தையும் காணவில்லை என்றால், 2018 யூன் 14ஆம் திகதி இரவு எக்சிபிஷன் பிளேஸ் அரங்கில் எங்கள் கண்முன்னால் தூக்கியது என்ன, தண்ணீர்ச் செம்பா?

அது அமெரிக்கன் ஹொக்கி லீக்கின் கோல்டர் கிண்ணம். வென்றது லீஃப்ஸின் கிளை அணியான ரொறன்ரோ மார்லீஸ். என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள அந்த லீக் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. என்எச்எல்லில் இன்று ஆடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த வாசலால் வந்தவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை "பயிற்சி லீக்" என்று இரண்டு தரம் அச்சடித்தீர்கள். அப்போது பொறுத்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில் மார்லீஸ் 76 ஆட்டங்களில் 54 வென்று, 112 புள்ளிகளோடு முழு லீக்கிலும் முதலாவதாக வந்தது. கோல்காப்பாளர் காரெட் ஸ்பார்க்ஸ் லீக்கின் மிகச் சிறந்த கோல்காப்பாளராகத் தெரிவானார். அப்படியிருந்தும் கிண்ணத்துக்கான பிளேஓஃப் தொடரின் முதல் சுற்றிலேயே யுற்றிகா அணி ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகு சிரக்கியூஸ், லீஹை வலி அணிகளுக்கு ஆளுக்கு நான்கு ஆட்டத்திலும் அடி, மறுபேச்சில்லை. இறுதிச் சுற்றில் ரெக்சாஸ் ஸ்ரார்ஸ் ஏழாவது ஆட்டம் வரை விடவில்லை. அந்த ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று வென்றோம். உங்கள் பத்திரிகையில் அடுத்த வாரம் தேடினேன். ஒரு வரி இல்லை. ஐபிஎல் முடிந்து மூன்று வாரமாகியும் சென்னை கிண்ணம் வென்ற படம் மட்டும் இன்னொரு முறை வந்திருந்தது. நானும் சென்னை ரசிகன்தான், அது வேறு கதை.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. லீஃப்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பமாகப் போவதென்றால் வீட்டு வாடகையில் கைவைக்க வேண்டும். மார்லீஸ் ஆட்டத்துக்குக் கோ புறநகர் ரயிலில் போய், மகனுக்கு ஒரு ஹொட் டோக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிச் சுவருக்குக் கிட்ட இருக்கலாம். அங்கே இருந்து பார்த்தால்தான் அவர்கள் படும் பாடு தெரியும். தடுப்பாட்டக்காரன் ஒருவன் மூக்கில் அடிபட்டு வந்து வாங்கில் இருந்தான். உதவியாளர் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சை அடைத்தார். அவன் தலையை நிமிர்த்தித் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்த முறையே பாய்ந்து இறங்கினான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் ஆட்டம் வருகிற வாரங்கள் அந்த லீக்கில் உண்டு. இடையில் பஸ் பயணம். இதுதான் உங்கள் பயிற்சி லீக்.

மார்லீஸ் வீரர் அன்ட்ரியாஸ் யோன்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் லீஃப்ஸோடு பொஸ்ரனுக்கு எதிராக ஆடினார், ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் தோற்றது. தோல்வியை நீங்கள் முழுப்பக்கம் எழுதி அழுதீர்கள். அதே யோன்சன் மார்லீசுக்குத் திரும்பி வந்து பிளேஓஃப் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது உங்கள் பேனாவில் மை முடிந்துவிட்டது போலும். மார்லீஸ் பயிற்றுநர் ஷெல்டன் கீஃப் 2019 நவம்பரில் லீஃப்ஸுக்குப் போனபோது, "யார் இந்தப் புதுமுகம்?" என்று தலைப்புப் போட்டீர்களே ஐயா! நாலு வருடமாக இதே நகரத்தில் நின்றவர் உங்களுக்குப் புதுமுகம்.

இன்னொன்றும் கிடக்கிறது. 2023இல் ரொறன்ரோ சிக்ஸ் ஹொக்கி அணிப் பெண்கள் தங்கள் லீக்கின் இசபெல் கிண்ணம் வென்றார்கள். அதுவும் உங்கள் கணக்கில் வரவில்லை. பெண்கள் தூக்கினால் கிண்ணம் கிண்ணமில்லையோ என்னவோ. கோயில் திருவிழா நேரத்தை நிமிடம் பிசகாமல் போடத் தெரிந்த பத்திரிகை, சொந்த நகரத்து அணிகள் வென்றதைத் தவறவிடுகிறது. "பனி விளையாட்டு எங்கள் சமூகத்துக்கு அந்நியம்" என்று உங்கள் பத்தி எழுத்தாளர் எழுதியபோது, எங்கள் கட்டட வாகனத் தரிப்பிடத்தில் தமிழ்ப் பெடியள் ரெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. இடப்பற்றாக்குறையாக இருக்கும், சரி.

மறுபதிப்போ மன்னிப்போ நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பருவம் நடக்கும் மாதங்களில் கிரிக்கெட் பக்கத்தின் அடியில் மார்லீஸ் முடிவுகளுக்கு விரலளவு இடம் ஒதுக்குங்கள். அடகு நகைக் கடை விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே அந்த இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஸ்காபரோ.