சலான் வருகிறது, ஜீவனாம்சம் வரவில்லை: சட்டத்துறை அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கும், 234 தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு 1000 ரூபாய் அபராதம். லிங்க்கைத் தட்டினால் போட்டோ. வண்டி என் பெயரில் இருக்கிறது, கல்யாணமான புதிதில் என் சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு வாங்கியது. ஓட்டிக்கொண்டு போகிறவர் என் மகளின் அப்பா. கட்டம் போட்ட சட்டை, முன்னால் டேங்க் மேல் 25 கிலோ அரிசிப் பை. தேதி, நேரம், எந்த சிக்னல் என்பது வரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை எனக்குக் கோர்ட்டில் வாய்தா. மகளுக்கு ஜீவனாம்சம் கட்டாததால் அவர் மீது போட்ட பிடிவாரண்ட் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. குறிப்பிட்ட முகவரியில் ஆள் இல்லையாம்.

ஐயா, இந்த நடைமுறையெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. மகளுக்கு மாதம் 6000 ரூபாய் என்று உத்தரவு வாங்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இதுவரை வந்தது நான்கு மாதப் பணம். மீதிக்கு நான் தனியாக மனு போட வேண்டும், அதுவும் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், தவறினால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது. ஆக, உத்தரவை மீறியவர் சும்மா இருக்கலாம், உத்தரவு வாங்கியவள்தான் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கு எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும், 450 ரூபாய். பஸ், மனுச் செலவு, குமாஸ்தாவுக்குக் கொடுப்பது எல்லாம் தனி.

இரண்டாவது வாரண்ட் நடந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் "நீங்களே வந்து ஆளைக் காட்டுங்கம்மா" என்றார்கள். சரி என்று ஆட்டோ பிடித்து ஏட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன், போக வர 380 ரூபாய், நடுவில் டீயும் வடையும் என் கணக்கு. மாமியார் கதவைத் திறந்து ஏட்டையாவுக்குத் தண்ணீர் கொடுத்து, "அவன் இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசமாச்சுங்க சார்" என்றார். திண்ணையில் அவருடைய செருப்பு கிடந்தது. ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. நான் காட்டினேன். ஏட்டு பார்த்தார், தலையாட்டினார், எழுதிக்கொண்டார். எழுதியது ஆள் இல்லை என்றுதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவரே சொன்னார், "நீங்க ஒரு கம்ப்ரமைஸ் பேசிப் பார்க்கலாமேம்மா." இந்தப் பேச்சைக் கேட்காத பெண் இந்தத் தமிழ்நாட்டில் எந்தக் கோர்ட் வாசலிலும் இருக்க மாட்டாள்.

இப்போது அந்தச் சலான் போட்டோவை எடுத்துக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குப் போனேன். "அது டிராபிக்மா, நாங்க வேற" என்றார்கள்.

ஒரு கேமரா கம்பத்தால் கண்டுபிடிக்க முடிகிற ஆளை அரசாங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நான் என்ன நினைத்துக்கொள்வது? கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்க வீடு தெரிகிறது. மாதா மாதம் 15ஆம் தேதி எனக்கு உரிமைத்தொகை 1000 ரூபாய் சரியாக வந்துவிடுகிறது, அதற்கு மனதார நன்றி, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் பிசகாமல் போட முடிகிறது உங்களால். இந்த மாதம் அந்த 1000, அவர் ஹெல்மெட் போடாததற்குப் போகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். குழந்தையின் பணத்தை சம்பளத்திலேயே பிடியுங்கள். உத்தரவு போட்ட அன்றே, பாக்கி விழும் வரை காத்திருக்காமல், தாய் மனு போடாமல்.

இப்போதும் சம்பளத்தை முடக்கலாமே என்பார்கள். முடக்கினோம். உத்தரவு கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆனால் அவருடைய பி.எஃப். நம்பர் அவர் கூடவே போனது, எத்தனை கம்பெனி மாறினாலும் யூ.ஏ.என். என்கிற அந்தப் பொது எண் ஒன்றுதான். அந்த நம்பரோடு கோர்ட் உத்தரவைக் கட்டிவிட்டால் புது முதலாளி பி.எஃப். பிடிக்கிற கையோடு இதையும் பிடித்துவிடலாமே. பி.எஃப். மத்திய அரசின் கையில் இருக்கிறது என்றால் கேட்டு வாங்குங்கள், கேட்கத் தெரியாத மாநிலமா இது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள் சொல்கிறாள், அங்கே யாரை வேலைக்குச் சேர்த்தாலும் 20 நாளுக்குள் முதலாளி மாநில அரசுக்குத் தெரிவித்தாக வேண்டுமாம், பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பணத்தைச் சம்பளத்திலேயே பிடிப்பதற்காக. பாக்கி 2500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றத்தான் செய்கிறார்கள், ஆனால் தேடுகிற வேலை அரசாங்கத்துடையது, அம்மாவுடையது இல்லை.

இது மத்தியச் சட்டம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் திருத்தலாம். ஜீவனாம்சத்துக்கு 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்றிருந்த காலத்தில் மேற்கு வங்கமும் மகாராஷ்டிராவும் 1500 என்று தாங்களாகவே உயர்த்திக்கொண்டன, மத்திய அரசு அந்த வரம்பை எடுத்தது 2001இல். நம் சட்டமன்றம் 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 1989இல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்தது, டெல்லி அங்கே வந்து சேர 2005 ஆனது. இதையெல்லாம் மேடைக்கு மேடை பேசுகிறீர்கள், கேட்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த வரிசையில் இதையும் சேர்த்தால் என்ன? 2024 ஜூலை 1 முதல், ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு போய், புதுச் சட்டத்தின் 144 வந்தது. நம்பர் மாறியது, எனக்கு வேறெதுவும் மாறவில்லை.

இன்னொன்று. முதல் பதில் மனுவிலேயே அவர், குழந்தை எனக்குப் பிறந்ததே இல்லை, டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேட்டார். மகளுக்கு அப்போது நான்கு வயது, அவருடைய அதே கோணல் பல். திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையது என்றுதான் சாட்சியச் சட்டம் சொல்கிறது, கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லாமல் இருந்தது என்று காட்டினால் ஒழிய. கேட்டவுடன் எல்லாம் ரத்தம் எடுக்க உத்தரவு போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொன்னது, 2023இலும் சொன்னது. நல்ல தீர்ப்புகள், குழந்தையின் மானத்தைக் காக்கிற தீர்ப்புகள். ஆனால் அந்த மனு தள்ளுபடியாக 11 மாதம் ஆனது, அதுவரை இடைக்கால ஜீவனாம்சமும் நகரவில்லை. இடைக்கால மனுவைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கூடியவரை என்ற அந்த ஒரு வார்த்தையை எழுதியவர் வக்கீல்களுக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை.

அதனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தந்தை நான் இல்லை என்று சொல்கிறவர், அது தீர்கிற வரை மாதப் பணத்தைக் கட்டிக்கொண்டே சொல்லட்டும். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளின் நிலை என்னைவிட மோசம். ஜீவனாம்சச் சட்டம் அவள் பிள்ளைக்கும் உண்டு என்கிறது, ஆனால் தந்தை யார் என்பதை அவள்தான் நிரூபிக்க வேண்டும், அந்த ஆளோ ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று இழுத்தடிக்கலாம். உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியின் மகன்தான் என்று காட்ட ரோகித் சேகர் 2008இல் வழக்குப் போட்டார், டி.என்.ஏ. முடிவு வெளியே வந்தது 2012இல். அவருக்கு டெல்லியில் வக்கீல்கள் இருந்தார்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? இப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்ட் செலவை அரசே ஏற்று, மாவட்டத்திலேயே மாதிரி எடுத்து, இத்தனை நாளில் முடிவு என்று தேதி போட்டுச் சட்டத்தில் எழுதுங்கள். அந்தச் சட்டத்திலாவது கூடியவரை வேண்டாம்.

கோபத்தில் ஏதாவது அதிகப்படியாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஏட்டையா மீதும் எனக்குக் கோபமில்லை, அவருக்கு ஆயிரம் வேலை. அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அலைகிற வேலை எனக்கு இருக்கக்கூடாது என்பதுதான் நான் கேட்பது. அடுத்த கூட்டத்தொடரில் ஒரு திருத்த மசோதா கொண்டுவாருங்கள், குழந்தையின் பணத்தைச் சம்பளத்திலேயே பிடியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி. அவர் எப்படியும் ஹெல்மெட் போடப்போவதில்லை, எனக்குச் சலான் வந்துகொண்டேதான் இருக்கும். போட்டோ, இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வந்த நிமிடமே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா