சங்கிலி வாங்கப் போகும்போது அரத்தையும் கொண்டுபோ

அன்புள்ள பிள்ளைக்கு,

பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியதாகப் படம் அனுப்பியிருந்தாய். அம்மா நிறத்தைப் பார்த்தாள், நான் அது நின்ற இடத்தைப் பார்த்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை, மதிலோரம், தெருவிளக்கின் வெளிச்சம் படாத மூலை. எந்த அலாரம் நல்லது என்று கேட்கிறாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் நின்றவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். களவுபோகும் வண்டி பலவேளைகளில் வண்டியாக விற்கப்படுவதில்லை, கழற்றப்பட்டுப் பாகம் பாகமாகப் போய்விடுகிறது. அதனால் கள்ளன் அழகான வண்டியைத் தேடுவதில்லை. தெருவுக்குத் தெரு ஓடுகிற வண்டிதான் அவனுக்கு வேண்டும். அதன் சைலன்சருக்கும் சக்கரத்துக்கும்தானே எப்போதும் ஆள் வரும்! உன்னுடைய டியோ அந்தச் சாதி. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகள் என்ன விலைக்குப் போயின என்பது உனக்கும் தெரியும். 2025 இல் தடை நீங்கிய பிறகும் புதியது வாங்குவது எல்லோருக்கும் முடிகிற காரியமாக இல்லை. பழையதை யார் எடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் நினைக்காதே.

டிஸ்க் பிரேக்கின் தட்டில் கொழுவும் பூட்டு, அந்த டிஸ்க் லொக்கை வாங்கும்படி உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். உன் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். பூட்டைக் கொழுவுவதற்குத் தட்டே இல்லை. ஹேண்டில் பூட்டைப் போடத்தான் வேண்டும், ஆனால் பலசாலி ஒருவன் ஓங்கி இழுத்தால் அது விட்டுக்கொடுத்துவிடும். சாவித்துவாரத்தை மூடும் காந்த மூடியையும் மறக்காமல் மூடு. இவையெல்லாம் போகிற போக்கில் கை வைப்பவனுக்கு. இரண்டு பேர் வண்டியைத் தூக்கி லொறியில் ஏற்றிவிட்டால் எந்தப் பூட்டும் வண்டியோடு சேர்ந்தே போகும். ஆகவே அதை அசையாத ஒன்றோடு கட்டவேண்டும்.

அதற்குச் சங்கிலி வேண்டும். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் விற்கும் கடைகளில் பார். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடத்தைக் காட்டினால் வேண்டாம் என்று சொல், வெட்டுக்குறட்டுக்கு அது ஒரு வேலையே இல்லை. சங்கிலியை எடுத்துத் தந்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கடைசிக் கண்ணியில், நான் அனுப்பும் இரும்பு அராவும் அரத்தை ஒரு தடவை அழுத்தி இழு. அரம் கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு போனால் அது பதமேற்றிய உருக்கு. கடித்துப் பிடித்து, பளபளவென்று ஒரு தழும்பு விழுந்தால் சாதாரண இரும்பு, எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வா. அரம் வைக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போ. பூட்டையும் அதே கண்ணோடு பார்த்து வாங்கு. வளையம் குட்டையாக இருந்தால் கம்பி நுழைத்து நெம்ப இடம் கிடைக்காது.

சங்கிலியைப் பின்சக்கரத்தினூடாகப் போடு. முன்சக்கரத்தை ஒரு நட்டைத் தளர்த்திக் கழற்றிவிடலாம். பின்னால் இருக்கும் கைப்பிடியில் கட்டுவது அதைவிட மோசம், அது வெறும் ஆணிகளில் நிற்பது. சங்கிலி நிலத்தில் கிடக்கவும் கூடாது. தரையில் கிடந்தால் அதன்மேல் சுத்தியலால் அடிக்கலாம், வெட்டுக்குறட்டின் ஒரு கையைத் தரையில் ஊன்றி முழுப் பாரத்தையும் கொடுக்கலாம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, வாசலுக்கு உள்ளே கொங்கிரீட்டில் ஓர் இரும்பு வளையம் பதிக்கச் சொல். கூலியை நான் தருகிறேன். உப்புக்காற்றில் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும், தையல் இயந்திர எண்ணெயை அடிக்கடி ஒரு சொட்டு விடு. இரவில் உறை போட்டு மூடு. உள்ளே நிற்பது எந்த வண்டி என்று தெரியாவிட்டால் பாதிப் பேர் கிட்ட வரமாட்டார்கள்.

காலையில் ஸ்டேஷனடியில் விட்டுவிட்டுக் கோட்டைக்கு ரயிலில் போகிறாயாம். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நீ எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பது இரண்டு நாள் பார்த்தவனுக்கே விளங்கிவிடும். பஸ்ஸில் போ, அல்லது வண்டியிலேயே அலுவலகத்துக்குப் போய்க் காவலாளி நிற்கும் வளவுக்குள் விடு. பாண் வாங்க இறங்கும்போது சாவியை அதிலேயே விடுவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அம்மா தொலைபேசியில் சொல்லுவாள்.

அடுத்தது பத்திரம். ‘ஓப்பன் பேப்பர்’ என்று விற்றவர் பெயரிலேயே வைத்திருக்காதே, உடனே உன் பெயருக்கு மாற்று. வண்டி காணாமல் போனால் பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதும் காப்புறுதிப் பணம் கேட்பதும் பிறகு பெரிய சிக்கலாகிவிடும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஒரு சதமும் தராது, முழுக் காப்புறுதியே எடு. பதிவுச் சான்றிதழை இருக்கைக்குக் கீழே வைக்காதே. வண்டியோடு அதையும் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். சேசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. சைலன்சரிலும் சக்கரத்திலும் பதிவு இலக்கத்தைப் பொறிப்பித்துவிடு. இலக்கம் பொறித்த பாகத்தை வாங்க பஞ்சிகாவத்தையிலும் பலர் தயங்குவார்கள்.

அலாரமா? கொழும்பில் அது கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பூனை ஏறினாலும் கத்தும். அந்தக் காசுக்கு இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்றை உள்ளே மறைத்துப் பூட்டு. ஆனால் அது காட்டும் இடத்துக்கு நீ தனியே போகக்கூடாது. 119 ஐ அழை.

அம்மா முறுக்கும் ஒடியல்மாவும் கட்டியிருக்கிறாள். இரவு பஸ்ஸில் போடுகிறேன், காலையில் வெள்ளவத்தையில் இறக்குவார்கள். அரத்தைத் தாளில் சுற்றி அடியில் வைத்திருக்கிறேன். முறுக்கில் எண்ணெய் மணத்தால் என்னைத் திட்டாதே.

அன்புடன்,
அப்பா