உடற்பயிற்சி அட்டவணையில் ஓய்வு நாளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற சுற்று வட்டார ஊர்களிலும் எடைப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் பெருகி வருவதை, உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆனால், "தினமும் வா, ஒரு நாள்கூட விடாதே" என்று பல ஜிம்களில் அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை என் வீட்டிலேயே கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தங்கை மகனுக்கு வயது 21. காவலர் தேர்வுக்குத் தயாராகிறவன். காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஓட்டம், மாலையில் வீட்டருகே ஒரு ஜிம்மில் ஒன்றரை மணி நேரம் என்று வாரத்தில் ஆறு நாள் உழைத்தான். தூக்கிய எடையை அன்றன்றே நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கும் நல்ல பழக்கம் அவனுக்கு உண்டு. அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். மார்ச் தொடக்கத்தில் பெஞ்ச் பிரஸில் (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தள்ளும் பயிற்சி) 50 கிலோவை 8 தடவை தூக்கியவன், ஏப்ரல் கடைசியில் அதையே 6 தடவையும், மே நடுவில் 5 தடவையும்தான் தூக்கியிருக்கிறான். தன் உழைப்பு போதவில்லை என்று அவனாகவே முடிவுகட்டி, பயிற்சியாளரும் ஆமாம் என்று சொல்ல, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொண்டான். அதன் பிறகு தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறான், வாய் திறந்தாலே எரிந்து விழுகிறான் என்று தங்கை வந்து அழுதாள். தலைவாருவதற்குக் கையைத் தூக்க முடியாமல், அவன் குனிந்து தலையைச் சீப்புக்குக் கொண்டுபோனதை நானே பார்த்தேன்.

எடையைத் தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. அப்போது தசை நார்கள் களைத்து, ஓரளவு சிதையவும் செய்கின்றன. அவற்றைச் செப்பனிட்டு முன்னைவிட வலுவாகக் கட்டும் வேலை அதன் பிறகு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் நடக்கிறது. அதற்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். வலியும் அன்றைக்கே உச்சத்துக்கு வராமல், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கடுமையாகும். கட்டுமானம் முடியுமுன் அதே தசைக்கு மறுபடியும் கனத்த வேலை கொடுத்துக்கொண்டே போனால், பலம் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. இந்தச் சரிவைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மீண்டுவிடலாம். பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் இழுத்துவிட்டால், மீள்வதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.

"நாங்கள் தினம் ஒரு பாகத்துக்குத்தானே பயிற்சி தருகிறோம்" என்று ஜிம் நடத்துவோர் பதில் சொல்லலாம். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைச் சற்று நின்று படித்துப் பார்க்க வேண்டுகிறேன். திங்கள் மார்பு, செவ்வாய் தோள், புதன் கை என்று இருக்கும். மார்புக்காக பெஞ்ச் பிரஸ் செய்யும்போதே முன்தோளும் புயத்தின் பின்தசையும் சேர்ந்து உழைக்கின்றன. மறுநாள் தோளுக்கென்று தலைக்கு மேல் எடையைத் தள்ளும்போதும் அவையே உழைக்கின்றன. புதன்கிழமை மூன்றாம் முறையாக அதே பின்தசைக்கு வேலை. காகிதத்தில் மூன்று பாகங்களாகத் தெரிவது உடம்புக்குத் தொடர்ந்து மூன்று நாள் ஒரே சுமைதான். வாரம் ஆறு நாள் பயிற்சியே தவறு என்று நான் வாதிடவில்லை. நெடுங்காலம் பழகியவர், சுமையை அறிந்து பிரித்துச் செய்தால் தாங்குவார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வாரத்துக்கு 2 அல்லது 3 நாளும், நன்கு தேறியவர்களுக்கு 4 அல்லது 5 நாளும் என்பதே அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற வல்லுநர் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பொதுவான உடல்நலத்துக்குத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி வாரம் 2 நாளாவது வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் கூறியது.

பயிற்சிக்கு வெளியே உள்ள உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் பெரிய வருத்தம். மாட்டுத்தாவணி சந்தையில் விடிவதற்கு முன்பே காய்கறி மூட்டை இறக்கிவிட்டு மாலையில் ஜிம்முக்கு வரும் பையனுக்கும், நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருபவனுக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? முதலாமவன் ஏற்கெனவே எடை தூக்கிவிட்டுத்தான் வருகிறான். அவன் தூங்கும் நேரமும் குறைவு.

சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரையின் கீழ், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்வதில் உயிராபத்தே இருக்கிறது. தசை பெருமளவு சிதைந்து அதன் பொருட்கள் இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். கடும் தசைவலியோடு சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களும், நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பி வந்த முதல் நாளிலேயே பழைய எடையைத் தூக்க முனைபவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் ஓடி வந்து சேரும் தம்பிகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

என் தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாள் எடையைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். காலையில் சிறிது நடை மட்டும். உடம்பு தேறுகிறதா என்று பார்க்க, கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி அதே நோட்டில் எழுதச் சொன்னேன். தொடக்கத்தில் 76 இருந்தது, பத்தாம் நாள் 64-க்கு வந்தது. பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் மட்டும் எடைப் பயிற்சி. இடையில் இரண்டு நாள் ஓட்டமும் கயிறு ஏறுதலும். ஞாயிறு முழு ஓய்வு. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தாக வேண்டும். பெஞ்ச் பிரஸ் அதில் இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். ஏழாவது வாரம் 55 கிலோவை 8 தடவை தூக்கியதாக எழுதியிருக்கிறான். ஒரு பையனின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. ஆயினும், கூடுதலாக உழைத்து இழந்ததைக் குறைவாக உழைத்து அவன் திரும்பப் பெற்றான் என்பது அந்த நோட்டில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்று வெயிலில் அலையவோ கடின வேலை செய்யவோ பெரியவர்கள் விடமாட்டார்கள். ஓய்வைச் சோம்பலாக அவர்கள் நினைத்ததில்லை.

ஜிம் நடத்துவோரிடம் நான் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியம் அன்று. சேரும்போதே அவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேளுங்கள். தருகிற அட்டவணையில் ஓய்வு நாளையும் எழுத்தில் போடுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவருடைய எடையோ எண்ணிக்கையோ இறங்கினால், நாளைக் கூட்டாமல் சுமையைக் குறையுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகம் இதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு, காவலர் தேர்வு அறிவிப்பு வரும் முன்பே ஒவ்வொரு ஜிம்மின் சுவரிலும் ஒட்டச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநகர், மதுரை.