திருபுவனம் நெசவுக் கண்காட்சி: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

கும்பகோணம் பக்கத்துத் திருபுவனத்தில் நாங்கள் வைத்த பட்டு நெசவுக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் "இவ்வளவு விஷயத்தை எங்கே பிடித்தீர்கள்" என்று கேட்டார்கள். யார் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கேட்டது என்பதைப் பொதுவில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடாதே என்று பலர் சொல்லிவிட்டதால் ஒருவர் பெயரும் கிடையாது. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும், தார் (குறுக்கு இழைக்கான நூல் சுற்றிய சிறு குழல்) சுற்றும் அக்காவுக்கு. திருபுவனம் பட்டு என்றாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில், குஜராத் பக்கமிருந்து வந்த சௌராஷ்டிரர்கள், 1955இல் தொடங்கிய கூட்டுறவு சங்கம், 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு. எங்கள் பட்டியலும் அதேதான். அக்கா அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தறியில உக்கார்றவரு மட்டும்தான் நெய்யறாரா? நாங்கல்லாம் என்ன பண்றோம்?" என்றார். சுவரில் பாதி இடம் தறிக்கு முந்தைய வேலைக்குப் போனது அதனால்தான். இழை இழைக்க வேண்டும், ராட்டையில் தார் சுற்ற வேண்டும், விடியற்காலையில் தெருவில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) நீட்டிக் கஞ்சி தெளிக்க வேண்டும், அப்புறம் பழைய பாவின் முனையோடு புதிய பாவை ஒவ்வொரு இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் புணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. இதில் பெரும்பகுதியைச் செய்வது வீட்டுப் பெண்கள், ஆனால் கூலி நோட்டில் இருப்பது தறிக்காரர் பெயர் மட்டும்.

அந்தக் கூலி நோட்டுகளை நம்பிக் கொடுத்த குடும்பத்துக்கும், அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஓய்வு பெற்ற சங்கக் கணக்கர் ஐயாவுக்கும் பெரிய கும்பிடு. சும்மா எண்களாகத் தெரிந்ததெல்லாம் ஐயா விரலை வைத்துச் சொன்னதும் சண்டையாக மாறிவிட்டது. முதலாளிகள் நெசவாளருக்கு நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், புடவையை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்தால் கிட்டத்தட்ட கால்பங்கு எடை போய்விடும், சாயம் ஏறும்போது கொஞ்சம் திரும்பும், தறியில் கழிவு கொஞ்சம் போகும். யார் பக்கம் எவ்வளவு குறைந்தது என்பதில்தான், தனி முதலாளிகளிடம் நெய்த காலத்து வம்பு முழுக்க. சங்கம் வந்ததன் அருமை அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சங்கம் வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஐயாவும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

சாயப்பட்டறை அண்ணனுக்கு நன்றி. காவிரித் தண்ணீரில் அலசினால்தான் பட்டு மினுங்கும் என்று ஊரே சொல்கிறது. அண்ணன் கண்ணடித்துவிட்டு, "ஆத்துல தண்ணி வந்தாத்தானே தம்பி" என்றார்.

மழைக்காலத்தைப் பற்றிப் பேச வைத்த, தரையில் குழி வெட்டிக் காலை அதில் விட்டு நெய்யும் குழித்தறிக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் டெல்டா மண் ஊறி, தறிக்குழிக்குள் தண்ணீர் கசிந்து நிற்கும், பாவு ஈரம் குடித்துத் தொய்யும், நெசவு நின்றுவிடும், அந்த வாரக் கூலியும் நின்றுவிடும். வயலுக்கு நல்ல மழை தறிக்கு ஆகாது. ஆனால் அந்த வயல் விளைந்தால்தான் தை மாதம் கல்யாணமும் புடவை வியாபாரமும். இந்த இடியாப்பச் சிக்கலை வரைபடமாகப் போட்டுக்கொடுத்த பள்ளிக்கூட ஓவிய ஆசிரியருக்குத் தனி நன்றி, அதன் முன்னால்தான் கூட்டம் அதிகம்.

கல்லூரி மாணவி ஒருத்தி மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டைத் தேடிப் படித்து வந்தாள். லாட நாட்டிலிருந்து (இன்றைய தெற்கு குஜராத்) போன பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே கி.பி. 437இல் சூரியன் கோயில் கட்டி, 473இல் பழுது பார்த்ததாக அது சொல்கிறது. 'இவர்கள்தான் நம் ஊர்க்காரர்களின் முன்னோர்' என்று பெரிய எழுத்தில் போடலாம் என்று குழுவில் சிலருக்கு ஆசை. அவள் விடவில்லை, 'சமூகத்தில் சொல்லிக்கொள்ளும் வரலாறு' என்றுதான் போட வேண்டும் என்று நின்றாள். நல்லவேளை. அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி சௌராஷ்டிர மொழியில் பேச ஆரம்பிக்க, பேரன் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம், அது அடுத்த முறைக்கு.

மயிலாடுதுறையிலிருந்து பாட்டியின் கல்யாணக் கூறைப்புடவையைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்த தம்பதிக்கு என்ன சொல்ல? பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட அந்தப் புடவைக்குப் பேர் போன கூறைநாட்டில் இன்று அதை நெய்யும் தறியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அங்கே புனுகீசுவரர் கோயிலில் நெசவாளரான நேச நாயனாருக்குச் சன்னதி இருக்கிறது, அந்தப் படமும் அவர்கள் கொடுத்ததுதான். புடவையை யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தோம், அந்த அம்மாவே எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்!

புடவையை விசிறி மடிப்பாக எப்படி மடிப்பது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சளைக்காமல் மடித்துக் காட்டிய கடைக்காரருக்கு, வாடகை வேண்டாம் என்ற மண்டபக்காரருக்கு, மின்விசிறி தூக்கி வந்த பையன்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. ஒரு அலுவலகம் அனுமதிக் கடிதத்துக்கு இழுத்தடித்ததை இங்கே பேச வேண்டாம்.

நோட்டுகளும் ராட்டையும் இந்த வாரத்துக்குள் அவரவர் வீட்டுக்கு வந்துவிடும், கூறைப்புடவையை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். கணக்குச் சீட்டு சங்கக் கணக்கர் ஐயாவிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அடை கட்டி (பூவேலைக்காகப் பாவு இழைகளைத் தூக்கும் கயிறுகளைத் தறியில் கட்டி) நெய்த காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கயிறு இழுத்த பையன்களில் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்.