ஏற்காட்டில் ஒலித்த ஷ்னிட்கேயின் பியானோ குவின்டெட்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கும் அன்பு உறவுகளுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மாலை ஏற்காட்டில், இசையமைப்பாளர் ஷ்னிட்கேயின் பியானோ குவின்டெட்டை, அதாவது பியானோவோடு ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும் இசையை, வாசித்து முடித்தோம். ஒரு பியானோ, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று மேடையில் தெரிந்தது ஐந்து பேர்தான். அந்த ஐந்து பேரையும் மேடை வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் பலர். இரவோடு இரவாக மலையிறங்க வேண்டியிருந்ததால் யாரிடமும் நின்று பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கோயம்புத்தூரிலிருந்து வந்து பியானோவைச் சரிசெய்து கொடுத்த ட்யூனர் ஐயாவுக்கு. பள்ளி அரங்கில் இருந்த அந்தப் பழைய பியானோ மலைக் காற்றில் நன்றாகவே ஈரம் குடித்திருந்தது. ஈரத்தில் உள்ளே இருக்கும் ஒலிப்பலகை உப்பும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறிவிடும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாது. ஐயா வந்ததும் முன்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டு இரவு முழுக்க அப்படியே வைத்தார். மறுநாள்தான் சுருதி சேர்க்கும் சாவியைக் கையில் எடுத்தார். 88 கட்டைகள், இருநூற்றுக்கும் மேலான கம்பிகள். நடுப்பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். கம்பளித் துண்டால் இரண்டை அடக்கிவிட்டு ஒன்றைச் சேர்ப்பார், அப்புறம் அடுத்தது. மதியம் மூடுபனி இறங்கியதும், யாரும் கேட்காமலே மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார்.

வேறு எந்த இசையாக இருந்தாலும் கொஞ்சம் முன்பின் இருந்தால் சமாளித்திருப்போம். இதில் முடியாது. வயலின்களும் வயோலாவும் செல்லோவும் கால் சுரம் விலகி, ஒன்றோடொன்று உரசி நிற்க வேண்டிய இடங்கள் இந்தக் குவின்டெட்டில் உண்டு. பியானோ சுருதி பிசகாமல் இருந்தால்தான் அந்த விலகல் வலியாகக் கேட்கும். பியானோவும் கலைந்திருந்தால் வெறும் அபசுரம்தான். அன்று கேட்டவர்களுக்கு அது வலியாகக் கேட்டது என்றால் பாதிப் பெருமை ஐயாவுக்கு.

அம்மாபேட்டையில் நாங்கள் ஒத்திகை பார்த்த மாடிக்கு அடுத்த கட்டடத்தில் தறி ஓடும். அந்தத் தறிக்கார அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். தறி நின்றால் கூலி நிற்கும், அது எங்களுக்கும் தெரியும். அவரே ஒருநாள் படியேறி வந்து, "எப்ப நிறுத்தணும்னு சொல்லுங்க தம்பி, ஆளுங்க சாப்பாட்டு நேரத்த அப்ப வெச்சுக்கிறேன்" என்றார். கடைசி வரை அப்படியே செய்தார். அண்ணனுக்கும், எங்களுக்காகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்ட தறித் தொழிலாளர்களுக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது.

20 கொண்டை ஊசி வளைவுகளிலும் செல்லோவுக்கு ஓர் அடி படாமல் வேனை ஓட்டி வந்த தம்பிக்கும், அரங்கை வாடகையில்லாமல் கொடுத்த பள்ளிக்கும், தேநீரும் தட்டுவடை செட்டும் பார்த்துக்கொண்ட அக்காக்களுக்கும் நன்றி. வாசிக்கும் நேரத்தில் ஹாரன் அடிக்காமல் இருந்த டாக்ஸி ஸ்டாண்டு அண்ணன்களைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் அது சின்ன விஷயமில்லை.

இந்த இசை எப்படிப் பிறந்தது என்று அன்று மேடையில் சுருக்கமாகத்தான் சொன்னோம். ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே சோவியத் நாட்டில் வாழ்ந்தவர். 1972இல் அவருடைய அம்மா இறந்தார். அம்மாவின் நினைவாக இதை எழுதத் தொடங்கினார். முதல் பகுதி சீக்கிரம் அமைந்தது. அதற்கு மேல் எப்படிப் போவதென்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. முடிந்தது 1976இல். இரண்டாம் பகுதியில் வால்ட்ஸ் என்ற நடன இசை வரும். பழைய ஜெர்மன் இசைமேதை பாக் (BACH) பெயரின் எழுத்துகளையே சுரங்களாக்கி அதற்குள் வைத்திருக்கிறார். ஆட்டம் தொடங்கும், உடனே தடுமாறும். மூன்றும் நான்கும் முழுத் துக்கம். கடைசிப் பகுதியில் பியானோ ஒரே எளிய மெட்டை 14 முறை திரும்பத் திரும்ப வாசிக்க, முன்னால் வந்த வேதனையெல்லாம் மற்ற நான்கு தந்தி வாத்தியங்களில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும். பியானோ மட்டும் தன் மெட்டை விடாது.

இதை சேலத்தில் யார் கேட்பார்கள் என்று சிலர் அக்கறையோடுதான் கேட்டார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம், நடுவில் கைதட்ட இடமில்லை, தாளம் போட இடமில்லை. ஆனாலும் வந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நாங்கள் பழகிய மண்டபக் கச்சேரிகளில் இப்படி ஒரு அமைதியைப் பார்த்ததே இல்லை. முடிந்ததும் எஸ்டேட் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி பியானோ வாசித்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில வந்தது தாலாட்டுங்களா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றாள் அவள். அந்தப் பகுதிக்கு நாங்கள் ஐந்து பேரும் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அதுதான். பாட்டிக்கு எங்கள் வணக்கம்.

அன்று அரங்கில் உட்கார்ந்து கேட்ட ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் அப்படிக் கேட்டதால்தான் எங்களால் அப்படி வாசிக்க முடிந்தது.

அடுத்து இன்னொரு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1940இல் எழுதிய பியானோ குவின்டெட்டை எடுத்திருக்கிறோம். ஒத்திகை அதே அம்மாபேட்டை மாடியில், தறிக்கார அண்ணனுக்குத் தோதான நேரத்தில். கேட்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஐவர் சார்பில்,
வயோலா வாசித்தவன்