பத்து மணிக்கு மேல் வந்தால் ஏரி நன்றாகத்தான் இருக்கும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரியில் ஆய்வு செய்ய அனுமதி கேட்டு, பொருள், பார்வை என்று முறைப்படி எழுதிய 3 கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றின் நகலிலும் தபால் பிரிவின் முத்திரை விழுந்திருக்கிறது. பதில்தான் வரவில்லை. அதனால் நான்காவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரையும் ஏரியின் பெயரையும் இதில் சொல்லவில்லை. எந்த அலுவலகம், எந்த ஏரி என்று தங்களுக்குத் தெரியும். யாரையும் சந்தியில் நிறுத்த எனக்கு ஆசையில்லை. மனுவுக்குப் பதில் வேண்டும். ஆம் என்றோ இல்லை என்றோ, 30 நாளுக்குள், எழுத்தில்.

எங்கள் நிறுவனம் லாப நோக்கமில்லாத ஒரு சிறிய அறக்கட்டளை. மாடியில் வாடகைக்கு 2 அறை, ஒரு பழைய மைக்ரோஸ்கோப், 5 பேர். தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளில் பறவைகளை எண்ணுகிறோம், தண்ணீரைச் சோதிக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கிய கணக்கு இது. ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணையில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. மேலே உள்ள ஓர் ஏரி கெட்டால் கீழே உள்ள சதுப்பு நிலமும் கெடும். இதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் அலுவலக வரவேற்பறைச் சுவரிலேயே படம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்.

முன்பெல்லாம் கரையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவோம். வேலி போட்டு கேட் வைத்த பிறகு எழுத்தில் அனுமதி வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய அனுமதி பெற வேண்டும் என்கிற 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எங்களுக்கு மனப்பாடம். இந்த ஏரி சரணாலயம் அல்ல. இருந்தாலும் கேட்டீர்கள், விண்ணப்பித்தோம். அது போன வருஷம் ஆடி மாதம். இந்த வருஷத்து ஆடியும் கழிந்துவிட்டது.

இடையில் நான் நேரில் வந்தது 11 முறை. "கோப்பு மேலே போயிருக்கு" என்பார்கள். அடுத்த மாதம் போனால் "கீழே வந்திருக்கு" என்பார்கள். மேலேயும் கீழேயுமாக அது போய்வந்த தூரத்துக்கு சைபீரியாவிலிருந்து ஒரு ஊசிவால் வாத்து வந்து, குளிர்காலத்தைக் கழித்து, திரும்பியே போயிருக்கும். போகவும் போய்விட்டது.

ஒருநாள் தங்கள் அலுவலகத்தில் ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் ஒரு யோசனை சொன்னார். "ஏன் சார் இருட்டுல போறீங்க? பத்து மணிக்கு மேல வாங்க, ஆள் இருப்பாங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் வேலையே இருக்கிறது.

பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்சிஜனைக் கலக்கின்றன. இரவில் அவையும் சுவாசிக்கின்றன, மீனும் சுவாசிக்கிறது, சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் சுவாசிக்கிறது. எல்லாம் சேர்ந்து இழுத்துத் தீர்த்த பிறகு, விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான். மீனும் காட்டுயிரும் பிழைக்க ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது. விடிகாலையில் அதில் தோற்கும் ஏரி, பச்சைப் பசேலென்று பாசி மண்டிக் கிடந்தால், வெயில் ஏறியதும் சுலபமாகத் தேறிவிடும். பத்து மணிக்கு அளந்தால் ஏரி நன்றாகத்தான் இருக்கும், ஐயா. அந்த அளவு மட்டும் போதும் என்றால் எங்களைப் போன்றவர்கள் தேவையே இல்லை.

அதனால்தான் டிசம்பரில் ஒரு நாள், நினைவூட்டல் கடிதத்தின் நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, விடிகாலை ஐந்து மணிக்கு கேட்டுக்குப் போனோம். நான், 2 கல்லூரி மாணவிகள், பரிசல் தள்ளும் எங்கள் களப்பணியாளர் அண்ணன். காவலாளி டார்ச் அடித்து முத்திரையைப் பார்த்தார். "இது நீங்க குடுத்த லெட்டர் சார். அவங்க குடுத்தது எங்க?" என்றார். சரியான கேள்வி. பதில் இல்லாமல் நின்றோம். அவரே சங்கடப்பட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். விடியும்வரை உள்ளே தாழைக்கோழிகள் கத்துவது கேட்டது. ஆறே கால் இருக்கும், தெற்குக் கரைப் பக்கம் ஒரு லாரி திரும்பி, இடித்த வீட்டின் செங்கல்லையும் டைல்ஸையும் தண்ணீர் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போனது. அந்தப் பக்கம் வேலியும் இல்லை, கேட்டும் இல்லை. அந்த லாரிக்காரரிடம் யாரும் லெட்டர் கேட்கவில்லை.

இதற்குப் பிறகும் நான் எழுதியிருக்க மாட்டேன். ஜனவரியில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. மறுநாள் ஏதோ கூட்டமாம். அந்த ஏரியின் முந்தைய வருஷங்களின் பறவைக் கணக்கு வேண்டுமாம், மாலை ஐந்துக்குள் மெயிலில். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அட்டவணை போட்டு அனுப்பினோம். எங்கள் கணக்கு பயன்பட்டதில் சந்தோஷம்தான். "இந்த வருஷத்து வரிசை காலியா இருக்கே?" என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள் பாருங்கள், அதற்குத்தான் என்ன சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வரிசை காலியாகவேதான் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை 4 மாதம். கொரோனா ஊரடங்கிலும் இரண்டு மாதம் விட்டுப்போயிற்று; அது ஊருக்கே வந்தது. இது எங்களுக்கு மட்டும் வந்தது. முன்வருஷத்தையும் பின்வருஷத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நிரப்பும் பழக்கம் எங்களிடம் இல்லை. மார்ச் 31 வந்ததும், அந்த வேலைக்கென்று கிடைத்த நன்கொடையில் செலவழிக்காத தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். அண்ணனுக்கு 4 மாதக் கூலி போயிற்று. இப்போது ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார், இரவுப் பணி. பரிசல் எங்கள் மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், ஆனாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கரை ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, மீன் குத்தகை ஒரு துறை, மேலே பறக்கும் பறவை வேறொரு துறை. குப்பைக்கு மட்டும் எந்தத் துறையும் இல்லை. என்ஜிஓ என்று சொன்னதும் "வெளிநாட்டுக் காசா?" என்று கேட்கிற கவுன்ட்டர்கள் எத்தனை! எங்களுக்கு வருவது பள்ளிக்கூடங்களுக்கு நடத்தும் பயிற்சி முகாம் கட்டணமும், உள்ளூர் நன்கொடையும்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் தமிழகத்துக்கு 20 இடம், நாட்டிலேயே அதிகம் என்று பெருமைப்படுகிறோம். 2022இல் பள்ளிக்கரணைக்கு அந்த அங்கீகாரம் வந்தபோது நாங்களும்தான் இனிப்பு கொடுத்தோம். பெருமைக்கு பேனர் ஒரே ராத்திரியில் தயாராகிறது. ஒரு தாளில் ஒரு கையெழுத்துக்கு வருஷம் ஒன்று.

மன்னிக்கவும். கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால் அது உண்மைதான், ஆனால் கேட்பது சின்ன விஷயம். ஆய்வுக்கு வரும் விண்ணப்பங்களுக்கு 30 நாளில் எழுத்துமூலம் பதில் தர ஏற்பாடு செய்யுங்கள். எங்களுக்கு மட்டுமல்ல, அனுமதிக்காக அலையும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சேர்த்து. முடியாது என்றாலும் முடியாது என்று எழுதிக் கொடுங்கள். வேறு ஏரியைப் பார்த்துக்கொள்கிறோம். அனுமதித்தால், விடிகாலை ஐந்து மணி என்ற நேரத்தையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள், காவலாளிக்குச் சங்கடம் இருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் நீலச்சிறகு வாத்துகள் இறங்கத் தொடங்கிவிடும். மனுவின் நகலை மறுபடியும் இணைத்திருக்கிறேன். பதிலைத் தபாலில் அனுப்பினாலும் சரி, ஒரு போன் செய்தால் நானே வந்து வாங்கிக்கொண்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் அலுவலகத்துக்கு 11 முறை வந்த
ஆய்வாளன்